மோட்டுவளை அண்ணாச்சியும் ஜார்ஜ் ராஜா முட்டையும்

பாளையங்கோட்டையில் மனுஷன் முகத்தைப் பார்த்துப் பேசாத ஒரே ஆள் யார் என்று கேட்டால், கைக்குழந்தைகூட மோட்டுவளை அண்ணாச்சி வீட்டுப் பக்கம் கையைக் காட்டும். திமிர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் கண்ணுக்கு மனுஷன் தெரியவே மாட்டான், அவ்வளவுதான். நீங்கள் எதிரே நின்று நலம் விசாரித்தால், உங்கள் தலைக்கு மேலே சுவரும் கூரையும் சேருகிற இடத்தைப் பார்த்துக்கொண்டு, "இருக்கேன், இருக்கேன்" என்பார். தெருவில் வைத்து விசாரித்தால் ரொம்பச் சிரமப்படுவார். வானத்துக்கு ஓரம் கிடையாது அல்லவா.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ரேஷன் கார்டுக்குத் தெரிந்திருக்கலாம், எனக்குத் தெரியாது. தொழில், பிஓபி என்கிற பிளாஸ்டர் மாவில் கார்னிஸ் போடுவது. சுவர் முடிந்து கூரை தொடங்குகிற ஓரத்தில் வெள்ளை வெளேரென்று வளைவும் நெளிவுமாக ஒரு பூவேலை ஓடுமே, அதுதான். மற்ற ஆட்கள் கடையில் விற்கிற பட்டையை வாங்கி ஒட்டிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடுவார்கள். அண்ணாச்சி அப்படி இல்லை. அவர் செய்வது ஜார்ஜ் ராஜா காலத்து வேலை.

துபாயில் பழைய இங்கிலீஷ்காரப் பிரபு வீட்டு மாதிரி ஒரு ஓட்டல் கட்டினார்களாம். அங்கே ஒரு வெள்ளைக்கார மேஸ்திரியிடம் அண்ணாச்சி இந்த வேலையைப் படித்துக்கொண்டு வந்தார். திரும்பி வந்தபோது செல்போன் நிறைய போட்டோ. எல்லாம் கூரை. ஒட்டகம் இல்லை, கடல் இல்லை, அவர்கூட இல்லை. ஊர் எப்படி இருந்தது என்று அவர் வீட்டம்மா ஆசையாகக் கேட்டதற்கு, "மேல நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாராம்.

எங்கள் டீக்கடையில் உட்கார்ந்து அந்த இங்கிலாந்து ராஜாக்களின் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் டீ ஆறிவிடும்.

"வரிசையா நாலு ஜார்ஜ் வே. மூணாவது ஜார்ஜுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. மகன்காரன் அப்பனுக்குப் பதிலா உக்காந்து நாட்டைப் பாத்துக்கிட்டான். அந்தக் காலத்து ஓரம் இருக்கே, அது தனி."

ஒரு தடவை பாதிக் கதையில் வந்து உட்கார்ந்த மீன்காரர் ஒருவர், "எந்த ஜார்ஜு, எங்க உவரி ஜார்ஜா? போன வாரம்கூட நல்லாத்தான இருந்தான்" என்று கண் கலங்கிவிட்டார். அவரைத் தேற்றி அனுப்புவதற்குள் கூடையிலிருந்த ஐஸ் எல்லாம் உருகிவிட்டது.

அந்த டீக்கடைக்கும் அண்ணாச்சி சும்மாவே கார்னிஸ் போட்டுக் கொடுத்தார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் ரோட்டில் நிற்க வேண்டும், அதற்கு லண்டன் மாளிகை ஓரம். சின்னச் சின்னக் கட்டையை இடைவெளி விட்டு அடுக்கின மாதிரி ஒரு வரிசை. பல் வரிசை என்று அதற்குப் பெயர். கடையே நம்மைப் பார்த்து இளிக்கிற மாதிரி இருக்கும். பாய்லர் ஆவி பட்டுப் பட்டு ஆவணி வருவதற்குள் ஒவ்வொரு பல்லாக ஆட ஆரம்பித்தது. ஒருநாள் ஒன்று நேராக ஒரு வாத்தியாரின் கிளாஸில் விழுந்தது. அவர் எழுந்து சத்தம் போட, அண்ணாச்சி கூரையைப் பார்த்தபடியே, "கால்சியம் வே, குடியும்" என்றார்.

சலூன் கதை இன்னும் மோசம். நாற்காலிக்கு நேர் மேலே பெரிய தாமரை மாதிரி ஒரு வட்டப் பூ போட்டு வைத்துவிட்டார். தாடையைத் தூக்கி ஷேவிங்குக்குச் சாய்ந்தவர்கள் அந்தப் பூவைப் பார்த்துக்கொண்டே கண் சொருகிவிடுவார்கள். வேலை முடிந்தாலும் எழுந்திருக்க மாட்டார்கள். கடைக்காரர் கடைசியில் பூவை மறைத்து காலண்டர் அட்டையைத் தொங்கவிட வேண்டியதாயிற்று. அண்ணாச்சி அதற்கப்புறம் அந்தக் கடைக்கு முடிவெட்டப் போகவில்லை. தலைமுடி தோளில் புரண்டது.

துஷ்டி வீட்டில் அவரை யாரும் பக்கத்தில் உட்கார வைக்க மாட்டார்கள். ஒரு பெரியவர் தவறிப்போன வீட்டில், அழுதுகொண்டிருந்த மகன் கையைப் பிடித்துக்கொண்டு, வழக்கம்போல மேலே பார்த்து, "என்ன பண்ண, ஓரத்தை இப்படி மொட்டையா விட்டுட்டுப் போயிட்டாரே" என்றார். அந்தப் பிள்ளை இன்னும் சத்தமாக அழுதது. எனக்கு எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது.

இத்தனையும் தெரிந்த நான்தான் அவரை என் வீட்டுக்குள் விட்டேன்.

நான் ஜங்ஷனில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கிறவன். பெரிய படிப்பு இல்லை. நெல்லையப்பர் புண்ணியத்தில் ஊருக்கு வெளியே சின்னதாக ஒரு வீடு எழும்பியது. கார்னிஸ் போடுகிறேன் என்று அண்ணாச்சி கடைக்கே வந்துவிட்டார். எனக்கு வசதிப்படாது என்றேன். அவர் என் தலைக்கு மேலிருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உம்ம கடையில கரை இல்லாத வேட்டிய எவனாவது விரும்பி வாங்குதானாவே? அப்ப உம்ம சுவத்துக்கு மட்டும் கரை வேண்டாமா?"

ஜவுளிக்கடைக்காரனிடம் இப்படிக் கேட்டால் அவன் என்னதான் செய்வான்?

கூடத்தில் போட்டார், நன்றாகத்தான் இருந்தது. படுக்கை அறையில் இலை இலையாகப் போட்டார், அதுவும் நன்றாக இருந்தது. பூஜை அறையை மட்டும் பழைய வேட்டியால் மறைத்துக்கொண்டு யாரையும் விடவில்லை. அவர் வாழ்க்கையிலேயே சிறந்த ஓரம் அதுதானாம். முடிய முடிய ஆவணிக் கடைசி முகூர்த்தம் வந்துவிட்டது. விடிந்தால் பால்காய்ப்பு. அதை விட்டால் புரட்டாசி, புரட்டாசியில் யாரும் வீடு குடிபோக மாட்டார்கள். பழைய வாடகை வீட்டையும் காலி செய்தாயிற்று. சட்டி பானை எல்லாம் புது வீட்டு வாசலில் கிடக்கிறது. என் மைத்துனர் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வாழைத்தாரோடு கிளம்பிவிட்டார்.

இந்த நேரத்தில்தான் அண்ணாச்சி திரையை விலக்கினார்.

என் மனைவி காந்திமதி கோலப்பொடிக் கிண்ணத்தோடு உள்ளே போனாள். அண்ணாந்து பார்த்தாள். சுற்றிலும் உருண்டை உருண்டையாக ஒரு வரிசை, இரண்டு உருண்டைக்கு நடுவே கூராக ஒன்று. முகமெல்லாம் சிரிப்பு.

"நல்லா இருக்கே அண்ணாச்சி. இது என்ன காயி?"

"காயி இல்ல தங்கச்சி. முட்டை."

கிண்ணம் அவள் கையிலேயே நின்றது. அண்ணாச்சி முகத்தைப் பார்க்காத மனுஷர் ஆயிற்றே, அவருக்கு எப்படித் தெரியும். முட்டையும் அம்பும் என்பது பழைய கிரேக்கக்காரன் கண்டுபிடித்தது என்றும், ஜார்ஜ் ராஜா வீட்டில் முக்கியமான அறைக்கு மட்டும்தான் போடுவார்கள் என்றும், இந்த ஊரில் வேறு எவன் வீட்டிலும் கிடையாது என்றும் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே போனார்.

காந்திமதியைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முட்டை வண்டி தெருவில் வந்தால் கதவைச் சாத்துகிறவள். பிறந்தநாள் வீட்டில் கேக் கொடுத்தால் கேக்கைக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுவாள். வெள்ளிக்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் விரதம், கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் திருச்செந்தூர். அவள் சாமி தலைக்கு மேலே, சுற்றிலும், நாட்டுக்கோழிப் பண்ணை மாதிரி முட்டை.

சத்தம் போடவில்லை. வெளியே வந்து மூட்டை முடிச்சுகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். "அது போகுத வரைக்கும் இந்த வீட்டுல பால் பொங்காது. எங்க அண்ணனைத் திரும்பிப் போகச் சொல்லுங்க" என்றாள்.

நான் சுத்தியலோடு உள்ளே போய், தயங்கித் தயங்கி, கொஞ்சம் செதுக்கிவிடலாமா என்று கேட்டேன். அண்ணாச்சி என் கையிலிருந்த சுத்தியலை வாங்கி ஜன்னல் வழியாக வெளியே போட்டார். என்னை வெளியே விட்டார். கதவைச் சாத்தி உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். பூஜை அறைக் கதவு, கட்டம் கட்டமாக ஓட்டை விட்டு மணி தொங்கவிட்டது. அவர் தாழ் போட்டதும் அத்தனை மணியும் தீபாராதனை மாதிரி அடித்தன. பூஜை அறைக்கு உள்தாழ்ப்பாள் எதற்கு என்று ஆசாரியிடம் அப்போதே கேட்டேன், அவர்தான் இருக்கட்டும் என்றார்.

அதற்கப்புறம் சமாதானம் எல்லாம் மணி ஓட்டை வழியாகத்தான். நான் வாசலுக்கும் பூஜை அறைக்கும் நடந்து நடந்து ஓய்ந்துபோனேன். ஜார்ஜ் ராஜா வீட்டில் இத்தனை வருஷம் யாரும் குறை சொல்லவில்லை என்பார் அவர். அவங்க சாப்பிடுதவங்க, அவங்களுக்கு என்ன என்பாள் இவள். முட்டையை எடுத்தால் அம்பு விழும், அம்பு விழுந்தால் நாலு சுவரும் மொட்டையாகும், அதற்குத் தன் கையை வெட்டிக்கொள்ளலாம் என்பார். வெட்டச் சொல்லுங்க என்பாள்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. ஒவ்வொரு முட்டைக்கும் மூன்று கோடு விபூதிப் பட்டை கீறிவிட்டால் லிங்கம் ஆகிவிடுமே. ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அத்தனை லிங்கத்துக்கும் யாரு தெனமும் அபிஷேகம் பண்ணுவா, நீங்க சாரம் கட்டி ஏறுவேளா?" என்றாள் காந்திமதி. "அதுவும் தலைகீழாத் தொங்குதாரு. பாவம் புடிக்கும்."

எனக்கு அதற்கு மேல் யோசனை இல்லை. நிலைப்படியில் கட்டுவதற்கு வாங்கிவைத்த எலுமிச்சம்பழப் பையை மடியில் வைத்துக்கொண்டு, முருகா நீ பார்த்துக்கொள் என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். சமையல்காரர் வந்து, பால் எத்தனை லிட்டர் சொல்ல என்று கேட்டார். நான் அவளைப் பார்த்தேன், அவள் பூஜை அறையைப் பார்த்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து காந்திமதி பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தாள். எழுந்து போய்ப் பூஜை அறைக் கதவில் முகத்தை வைத்து, ஓட்டை வழியாக மேலே பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். அடுப்பில் சோறு இருந்திருந்தால் குழைந்திருக்கும், அவ்வளவு நேரம். உள்ளே அண்ணாச்சி சாரப் பலகையில் படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, நடுவுல கூரா நிக்குதே, எல்லாம் ஒண்ணு போல இருக்கு. ஒண்ணுகூடச் சாயல."

உள்ளே பலகை கிரீச்சிட்டது.

"அச்சுல வாத்து, நூல் புடிச்சு ஒட்டுனேன் தங்கச்சி."

"அது அம்பு இல்ல, அண்ணாச்சி. வேலு."

பலகை மறுபடியும் கிரீச்சிட்டது.

"வேலு நிக்குத எடத்துல எலுமிச்சம்பழம்தான இருக்கணும்? வேல் நுனியில குத்தி வச்சிருப்பாங்களே, கோயில்ல பாத்ததில்லையா? உருண்டை இருக்கு. இந்தா, இதுக்கு இருக்குத மாதிரி நுனியில ஒரு மூக்கு மட்டும் வச்சிருங்க." எலுமிச்சம்பழத்தை ஓட்டை வழியாக நீட்டினாள். மணி ஒன்று லேசாக அடித்தது.

"ஜார்ஜ் ராஜா வீட்டுல மூக்கு கெடையாது" என்றார் அண்ணாச்சி. ஆனால் குரலில் பழைய பலம் இல்லை.

"ஜார்ஜ் ராஜா நாளைக்கு வந்து பால் காச்சுவாராக்கும்? உங்க கையிலதான மொதத் தம்ளர் குடுக்கணும்னு நான் நெனச்சிருந்தேன்."

தாழ்ப்பாள் விலகியது. அண்ணாச்சி அறை வாசலில் நின்றார். இத்தனை வருஷத்தில் ஆயிரம் பேருக்கு ஓரம் போட்டவர். கழுத்து வலிக்க நின்று அதைப் பார்த்து, ஒண்ணு போல இருக்கு என்று ஒருத்தர் சொன்னது அதுதான் முதல் தடவை போலிருக்கிறது. அவர் காந்திமதியின் முகத்தைப் பார்த்தார். முகத்தையேதான். நான் என் கண்ணால் கண்டேன்.

"மூக்கு வைக்கேன்" என்றார். "மஞ்சள் அடிக்கச் சொல்லப்படாது."

மாவைக் குழைத்தார். பிஓபி மாவு நம்மைக் காத்திருக்க விடாது, குழைத்த கையோடு வைத்துவிட வேண்டும். ஒரு மூக்கு, ஒரு பெருமூச்சு, அடுத்த மூக்கு. பொழுது சாய்வதற்குள் எங்கள் வீட்டு முட்டைகள் எல்லாம் எலுமிச்சம்பழமாகிவிட்டன. மைத்துனர் வாழைத்தாரோடு இறங்கியவர் அண்ணாந்து பார்த்து, "சாமிக்கு எலுமிச்சம்பழ மாலையே போட்டுட்டீங்களே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். விடியற்காலையில் பால் பொங்கிற்று. முதல் தம்ளர் அண்ணாச்சிக்கு. கூரையைப் பார்த்துக்கொண்டே குடித்துச் சட்டையில் சிந்திக்கொண்டார்.

அப்புறம் அவருக்கு வந்த கிராக்கியைச் சொல்ல வேண்டுமே. ஊரெல்லாம் எலுமிச்சம்பழக் கார்னிஸ் கேட்டார்கள். "ஜார்ஜ் என்னை மன்னிக்க மாட்டாரு வே" என்று புலம்பிக்கொண்டே போட்டுக் கொடுத்தார். மணிமுத்தாறில் ஒருவர், திருஷ்டிக்கு ஆகும், நடுவில் பச்சைமிளகாயும் சேர்த்து வைத்துவிடுங்கள் என்று கேட்டாராம். அண்ணாச்சி அங்கிருந்து பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் நடந்தே கல்லிடைக்குறிச்சி வரை வந்துவிட்டார்.

இப்போது அவர் கோயம்புத்தூரில் மகனோடு இருக்கிறார். அடுக்குமாடி வீடு, கூரையில் கை வைக்கக் கூடாதாம். எப்போதாவது போன் செய்வார். என்னைக் கேட்க மாட்டார், பிள்ளைகளைக் கேட்க மாட்டார்.

"மூலை எப்படிவே இருக்கு?" என்பார்.

"நல்லா இருக்கு அண்ணாச்சி" என்பேன். வைத்துவிடுவார்.

அந்த மூலை விஷயம் எனக்குக் குடிவந்து சில மாதம் கழித்துத்தான் தெரிந்தது. பூஜை அறைக்குள் நுழைந்து திரும்பிப் பார்த்தால்தான் தெரிகிற இடம், கதவுக்கு மேலே, இருட்டு மூலை. அங்கே ஒன்றே ஒன்றுக்கு மூக்கு இல்லை. வழவழவென்று, அசல் ஜார்ஜ் ராஜா முட்டை. காந்திமதியிடம் நான் மூச்சுவிடவில்லை. காலையில் கற்பூரம் காட்டி முடித்து, அவள் கண் மூடியிருக்கும்போது, தட்டை அந்த மூலைப் பக்கமும் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவேன். சாமி குற்றமா என்று தெரியாது. சாமிக்கு அண்ணாச்சியைத் தெரியும் என்று ஒரு தைரியம்.

போன பொங்கலுக்கு முந்தி வீட்டை ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தேன். பூஜை அறையில் கம்பைத் தூக்கியதும், கீழே சாமி படங்களைத் துடைத்துக்கொண்டிருந்த காந்திமதி தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"அங்கன மட்டும் பைய அடிங்க. அண்ணாச்சி முட்டை."