குற்றாலத்து அடுப்படியும் என் நாலு பக்க மனுவும்

சட்டம் படிப்பவர்களுக்கு இரண்டாம் வருடத்தில் ஒரு காய்ச்சல் வரும். பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால்கூடப் பிரிவு எண் தேடுவோம். எனக்கு அது உச்சத்தில் இருந்தபோது வந்து மாட்டியவர் சண்முகத்தாய் அக்கா.

அக்கா எங்கள் தெருக்காரர். குற்றாலத்தில் ஒரு பங்களா வீட்டில் சமையல். இரண்டு மாதச் சம்பளம், பதினெட்டாயிரம், வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் மகளுக்கு நர்சிங் காலேஜ் ஃபீஸ் கட்டியாக வேண்டும்.

"சென்ட்ரல் கவர்மென்ட் சட்டமே இருக்குக்கா, பாத்துக்கிட்டே இருங்க" என்றேன். நாலு பக்க மனு எழுதினேன். (இரண்டு பக்கம் வெறும் தீர்ப்பு மேற்கோள்.) செவ்வாய்க்கிழமை அக்காவைத் தென்காசி தொழிலாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன்.

அதிகாரி முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார். "வேலை செய்யுத இடம்?"

"வீடு சார்."

"நீங்க எழுதியிருக்க சட்டம் ஃபேக்டரி, கம்பெனிகளுக்கும்மா. ஒருத்தர் வீட்டு அடுப்படி அதுக்குள்ள வராது."

அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். எழுந்து நின்றேன். "மூணு அடுப்பு இருக்கு, கிரைண்டர் ஓடுது, புகை போகுது. அது ஃபேக்டரிதான் சார்!"

"அப்போ உங்க வீட்டு அடுப்படிக்கு லைசென்ஸ் எடுத்தாச்சா?"

அலுவலகமே சிரித்தது. பெரிய சிரிப்பு அக்காவுடையது.

வெளியே வந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏட்டி, நீ எதுக்கு மூக்க உறிஞ்சுத? சம்பளம் எனக்குல்லா வரல" என்று டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, அக்கா போனை எடுத்தார்.

சாரல் சீசன். வியாழக்கிழமை அந்த பங்களாவுக்குச் சென்னையிலிருந்து இருபது விருந்தாளிகள் வருகிறார்கள். அக்கா தனக்குத் தெரிந்த சமையல்கார அக்காக்கள் எல்லோரிடமும் ஒரே வரிதான் சொன்னார்: "அந்த வீட்டுல கூப்பிட்டா, 'சண்முகத்தாய்க்குச் சம்பளம் குடுத்தாச்சா'ன்னு மட்டும் கேளு. வேற ஒண்ணும் பேசாத."

புதன்கிழமை அக்கா வேலைக்குப் போகவில்லை. முதலாளி ஆறு பேரைக் கூப்பிட்டாராம். ஆறு பேரும் அதே கேள்வி. கடைசி ஆளை அவ்வளவு தூரம் வாசுதேவநல்லூர் வரை போய்ப் பிடித்திருக்கிறார். அங்கேயும் அதேதான்!

சாயங்காலம் எங்கள் தெருவில் அவர் கார் நின்றது. கையில் கவர். "நாளைக்கு வந்துருவல்லா?"

"வாரேன் அண்ணாச்சி. இனிமே மாசம் பொறந்ததும் கைக்கு வந்துரணும்" என்றார் அக்கா, குரலை உயர்த்தாமல். மறுநாளே ஃபீஸ் கட்டியாயிற்று. தொழிலாளர் ஒற்றுமையை இவ்வளவு சுருக்கமாக எனக்கு எந்தப் பேராசிரியரும் சொல்லித் தந்ததில்லை.

ஆனால் என் ஃபேக்டரி வாதம் அம்மாவின் காதுக்குப் போய்விட்டது. இப்போதும் நான் சட்டம் பேச வாயெடுத்தால் கரண்டியோடு வந்து நிற்பாள்.

"ஏட்டி, இந்த ஃபேக்டரில எனக்கு இருவத்திரண்டு வருசச் சம்பளம் பாக்கி. எந்தச் சட்டத்துல போடுவ?"

இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைக்கும்வரை பாத்திரம் கழுவுவது நான்தான்.