நான் கண்டுபிடித்த பசுமைக் கல்

சேலம், நாமக்கல் சமவெளியில் குப்பைக்கு மோட்சம் கொடுத்தவன் நசுருல்லா என்று வருங்காலம் சொல்லும். அதுவரை காத்திருக்க நேரமில்லை. ஆகவே நசுருல்லாவாகிய நானே சொல்லிவிடுகிறேன்.

சேலத்தில் பழைய கட்டடங்களை இடித்து, கதவு ஜன்னல்களை விற்றுவந்தேன். மிஞ்சிய ரப்பிஷைக் கொட்ட இடம் கிடைக்காமல் போன அன்றுதான் எனக்குச் 'சுற்றுச்சூழல் அக்கறை' பிறந்தது. மோகனூர்ப் பக்கம் ஒரு ஷெட் போட்டேன். இடிசலைப் பொடித்து, கொதிகலன் சாம்பலும் கொஞ்சம் சிமெண்டும் கலந்து கல்லாக அழுத்தினேன். 'பசுமைக் கல்' என்று பெயர் வைத்தேன். கல் சாம்பல் நிறம்தான்; பெயர்ப்பலகை பச்சை.

கருத்தரங்குகளில் என்னைப் பேச அழைத்தார்கள். அழைக்காத இடங்களிலும் பேசினேன்.

கல்லுக்குத் தண்ணீர் விடும் வேலை அத்தாயிக்கு. உள்ளூர்ப் பெண், ஐம்பதைத் தாண்டியவர். மூன்று வாரமாவது கல் நனைந்தால்தான் இறுகும் என்று முதல் மாதமே சொன்னார். லாரி வாசலில் நின்றதால் மூன்றே நாளில் குழாயை மூடச் சொன்னேன். அடுத்த உரையில் அதை 'நீர் மேலாண்மை' என்று சேர்த்துக்கொண்டேன்.

நீர் மேலாண்மையின் பலனாக, லாரியில் ஏற்றும்போதே கற்கள் உடைந்தன. உடைசலை வீட்டுக்கு எடுத்துப்போகலாமா என்று அத்தாயி கேட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. பெருந்தன்மைக்குக் கேள்வி கேட்கும் வழக்கமில்லை.

அப்போதுதான் அந்த ஊரில் அங்கன்வாடி கட்ட மாற்றுக் கல் தேடினார்கள். பிரபாகர் என்ற இளம் பொறியாளர் ஆய்வுக்கு வந்தார். இளநீர் கொடுத்து, பூமியின் எதிர்காலம் பற்றி இருபது நிமிடம் பேசினேன். அவர் இளநீரை முடித்துவிட்டு ஒரு கல்லை எடுத்தார். இடுப்பு உயரத்திலிருந்து கீழே விட்டார். இரண்டானது. இன்னொன்றை விட்டார். நான்கானது.

உடைந்தாலும் மறுபடி பயன்படுவதுதான் இதன் தனிச்சிறப்பு என்று விளக்கினேன்.

"பாய், உள்ள கொழந்தைங்க இருக்குமுங்க," என்றார் பிரபாகர்.

அத்தாயி குழாயைக் கீழே போட்டுவிட்டு வந்தார். "இது தண்ணி குடிக்காத கல்லுங்க சார். இதே ஒடசலைப் பொடிச்சுத்தான் நாங்க ஊடு கட்டியிருக்கறோம். வந்து பாருங்க."

போய்ப் பார்த்தோம். அவரும் கணவர் சென்றாயனும் உடைசலைச் சம்மட்டியால் பொடித்து, கூலியில் சிமெண்ட் வாங்கிக் கலந்து, மரச்சட்டத்தில் கல் போட்டு, ஈரச் சாக்கு மூடி மூன்று வாரம் காத்திருக்கிறார்கள். சின்ன வீடு, சுவரில் ஒரு கீறல் இல்லை. மிச்சக் கல் ஒன்றைப் பிரபாகர் தூக்கிக் கீழே விட்டார். 'ணங்' என்றது. உடையவில்லை.

இப்படிக் கல் கொடுத்தால் அங்கன்வாடிக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, யார் போட்ட கல் என்று கேட்டார். "எங்கள் ஆராய்ச்சிப் பிரிவு," என்றேன்.

அத்தாயி என்னைப் பார்த்தார். என் நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. காது மட்டும் சுட்டது. பேச வேண்டிய வேறொன்று அவரிடம் இருந்தது.

"அங்கன்வாடிக்குப் போற கல்லு மூணு வாரம் நனையணுமுங்க பாய். ஒரு நாள் கொறைஞ்சாலும் லாரில ஏத்த உடமாட்டேன். எம் பேத்தியும் அங்கதான் ஒக்காரப் போறா."

பொறியாளர் எதிரில் தலையாட்டாமல் முடியுமா? ஆட்டினேன். லாரிகள் காத்துக்கிடந்தன. அத்தாயி குழாயை விடவில்லை. ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கல்லைக் கீழே போட்டுப் பார்த்த பிறகே ஏற்ற விட்டார். அங்கன்வாடி எழுந்தது, ஐப்பசி மழையெல்லாம் வாங்கிக்கொண்டு அசையாமல் நின்றது. மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இறுகுவதற்குப் பொறுமை வேண்டும் என்று உருக்கமாகப் பேசினேன்.

பிறகு விளம்பரத் தாளுக்கு அச்சகத்தார் பசுமைக் கல் வீடு ஒன்றின் படம் கேட்டார்கள். உங்கள் வீட்டையே எடுக்கலாமே என்றார்கள். என் வீடு சூளைச் செங்கல்லில் கட்டியது. வம்சம் வாழப்போகும் வீட்டில் பரிசோதனை செய்வேனா? புகைப்படக்காரரை நேரே அத்தாயியின் வீட்டுக்கு அழைத்துப்போனேன்.

வாசலில் கைகட்டி நின்றேன். 'தன் கல்லில் தானே வாழும் தொழில்முனைவர்' என்று அச்சாயிற்று. படம் மிக நன்றாக வந்திருக்கிறது. எடுக்கும்போது கதவோரம் ஒரு அம்மா நின்று இடைஞ்சலாக இருந்தார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க என்று அவர் வீட்டு வாசலிலேயே அவரிடம் சொன்னது புகைப்படக்காரர் அல்ல.