ஆச்சிப்பிள்ளைக்கு அவசரம் இல்லை

"காக்கா, ஸாலிஹா தங்கச்சிக்கு நோவு கண்டு..." என்று தோணித்துறையில் நின்ற பக்கீர் தொடங்கினான். அதற்குள் மர்சூக் தோணியிலிருந்து குதித்து, முழங்கால் தண்ணீரில் ஓடிக் கரையேறிவிட்டான்.

யாருடைய பேச்சையும் கடைசிவரை கேட்கிற பழக்கம் மர்சூக்குக்குக் கிடையாது. ஆனால் இன்றைய ஓட்டத்துக்கு நியாயம் இருந்தது. அவனுடைய கூடப்பிறந்த மூத்த ராத்தா தலைப்பிள்ளைப் பேற்றில் மவுத்தானவள். மருத்துவிச்சி வந்துசேரப் பிந்தியதில் உயிர் போய்விட்டது. அவன் மனைவி ஸாலிஹாவுக்கும் இது தலைப்பிள்ளை. அவன் கரடியனாற்றுக்கு நெல் வாங்கப் போயிருந்ததால், காத்தான்குடி வீட்டில் அவளும் மாமியும் மட்டும்தான். வெறுங்கையோடு வீட்டுக்குப் போய் என்ன பிரயோசனம்? நேரே ஆரையம்பதிக்கு ஓடினான்.

மருத்துவிச்சி ஆச்சிப்பிள்ளை முற்றத்தில் தலை காயவைத்துக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"நீங்களே நேர வந்திட்டீங்களா மனே? இருங்க, நல்ல சீலை ஒண்டு உடுத்திட்டு வாறன்."

நல்ல சீலையா? மர்சூக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் சீலை உடுத்து, கொண்டை முடித்து, ஆறுதலாக வெற்றிலை மடிக்கும்வரை அவன் முற்றத்தை நடந்தே உழுதான்.

மோட்டார் பஸ் ஓடத் தொடங்கிய காலம்தான். ஆனால் வேண்டிய நேரத்தில் அது வந்ததாக அந்த ஊரில் யாருக்கும் ஞாபகமில்லை. அழகரத்தினத்தின் மாட்டுக்கரத்தையைப் பிடித்து அவளை ஏற்றினான்.

நடந்திருந்தாலே தேவலை. வாசலுக்கு வாசல் கரத்தையை நிறுத்தி, "மர்சூக் தம்பி நேர வந்து கூட்டிப் போறார்" என்று அவள் சொல்லிக்கொண்டு வந்தாள். ஒரு மீன்காரனைக் கண்டதும் மறுபடியும் நிறுத்தச் சொன்னாள்.

"பால்சுறா. ஸாலிஹாவுக்கு நல்லம், வாங்குங்க."

அங்கே அவள் துடித்துக்கொண்டிருக்கிறாள், இங்கே இவளுக்குச் சுறா! வாதாடினால் இன்னும் நேரம் போகும் என்று அவனே வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். பிறகு பொறுமையிழந்து மாட்டின் வாலை ஒரு முறுக்கு முறுக்கினான். மாடு வெருண்டு பாய்ந்தது. கரத்தை தெருவை விட்டிறங்கி மணலில் அச்சுவரை புதைந்தது. அழகரத்தினம் மாட்டை அவிழ்த்து மேயவிட்டார். வெருண்ட மாடு ஆறவேண்டுமாம்.

வாவிக்கரையால் குறுக்கே போகலாம் என்று மர்சூக் முன்னே நடந்தான். பத்தடி போவதற்குள் சேறு தொடைவரை விழுங்கிவிட்டது. சுறாவைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி, "கொஞ்சம் கைகுடுங்க" என்று திரும்பிப் பார்த்தான். ஆச்சிப்பிள்ளை சீலை நனையாத இடமாகப் பார்த்து நின்று, வாவியில் இறங்கியிருந்த கொக்குகளை ரசித்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல காத்து, என்ன மனே?"

அழுகை வந்துவிட்டது அவனுக்கு. யா அல்லாஹ், ராத்தாவுக்கு நடந்தது ஸாலிஹாவுக்கும் நடக்கவேண்டுமா? இழுத்துப் பிடுங்கிக் கரையேறியபோது ஒரு செருப்பு சேற்றோடு போனது.

எப்படியோ வீட்டு வாசலுக்கு வந்தார்கள். உள்ளேயிருந்து குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. மர்சூக்கின் கையிலிருந்து சுறா நழுவிக் கீழே விழுந்தது.

"பிந்திட்டம்... ஸாலிஹா இருக்காளா எண்டு பாருங்க. ஓடிப்போய்ப் பாருங்க."

ஆச்சிப்பிள்ளை மீனை எடுத்து மணலைத் தட்டினாள். அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவளுக்கென்ன, சுகமா இரிக்காள். நேத்து ராவு நான் எடுத்துக் குடுத்த புள்ளைதானே அழுகுது. தகப்பன் நேர வந்து கூப்பிட்டா, புள்ளை எடுத்தவளுக்குச் சந்தோசச் சீலை தரத்தானே மனே, அதுக்கு நான் என்னத்துக்கு ஓடணும்?"