பெல்ட் போட்ட பூசணிக்காய்

என்ரை மகள் துஷ்யா கலியாண மண்டப வாசலிலை எட்டுச் சிலிண்டர் அமெரிக்கன் காரிலைதான் வந்து இறங்குவாள்!

இதை நான் நோர்வேயிலை, லோறென்ஸ்கூக் எண்ட ஊரிலை எங்கடை வீட்டுக் குசினியிலை, அகப்பையைக் கையிலை பிடிச்சுக்கொண்டு சபதமாச் சொன்னனான். கேட்டது ரெண்டு பேர். ஒண்டு என்ரை மனுசி புஷ்பமலர். மற்றது றைஸ் குக்கர். குக்கராவது "டிக்" எண்டு ஒரு சத்தம் போட்டுது. மனுசி அதுவும் இல்லை.

நான் ஒஸ்லோவிலை இருபத்திரண்டு வருசமா பஸ் ஓடுறன். ஒரு கீறல் இல்லை. அதுக்கு ஒரு கேடயம் தந்தவங்கள். ஹோலிலை சாமிப்படத்துக்குப் பக்கத்திலை வைச்சிருக்கிறன். பெல்ட் போடாமல் கார் ஓடுற சொந்தக்காரருக்கு வீடு தேடிப்போய்ப் புத்தி சொல்லுற ஆள் நான். இனி நான் சொல்லப்போற வெக்கக்கேட்டைக் கேக்கேக்கை அந்தக் கேடயத்தை ஒருக்கா நினைச்சுக்கொள்ளுங்கோ. நான் நினைக்கேல்லை.

கார் அறுபத்தொன்பதாம் ஆண்டுக் கார். சிவப்பு வெளி, வெள்ளைத் தோல் சீற். என்னோடை பஸ் ஓடுற மார்க்கஸ் தன்ரை கார் திருத்துற கராச்சிலை வைச்சு அதின்ரை பழைய எஞ்சினைக் கழட்டி, ரெண்டு மடங்கு பெரிய எஞ்சினைப் பூட்டித் தந்தவன். ஸ்ரார்ட் பண்ணினா பக்கத்து வீட்டு யன்னல் கிடுகிடுக்கும். எனக்கு உச்சி குளிரும். ஆனா மார்க்கஸ் தெளிவாச் சொன்னவன்: "பிரேக் இன்னும் பழசு. அதை மாத்துமட்டும் ஒருத்தரையும் ஏத்தாதை. எஞ்சின் மாத்தினதுக்கு அனுமதியும் எடுக்கவேணும்."

நான் தலையாட்டினனான். தலையாட்டுறதுக்குக் காசே பணமே?

புஷ்பம் அரிசி கழுவிக்கொண்டே கேட்டா.

"இஞ்சேருங்கோ, அந்தக் காருக்கு எத்தினை குதிரைச் சக்தி?"

"நானூறு!"

"முந்தி?"

"இருநூறு."

"குதிரையைக் கூட்டினியள். கடிவாளத்தைக் கூட்டினனீங்களோ?"

"பிரேக் பிடிக்கும் புஷ்பம்."

"பின் சீற்றிலை பெல்ட் இருக்கோ?"

"அந்தக் காலத்துக் கார். அந்தக் காலத்திலை பெல்ட்டே ஆர் போட்டது?"

"அந்தக் காலத்து ஆக்கள் இப்ப எங்கை?"

நான் மகளிட்டை ஓடினன். பிள்ளை போனிலை இருந்து தலையை நிமித்தி, "அப்பாவுக்கு ஆசையெண்டா நான் ஏறுறன். நீங்கள்தானே ஓடுறியள்" எண்டாள்.

கலியாணத்துக்கு ஒரு கிழமை இருக்கேக்கை புஷ்பம் ஒரு நீத்துப்பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு வந்தா. திருஷ்டி கழிக்க மண்டப வாசலிலை உடைக்கிற சாமான். மேலை ஒரு துண்டை வெட்டி, உள்ளுக்குக் குங்குமம் போட்டு, வெட்டின துண்டாலையே மூடியிருந்தா.

"இதைக் கலியாணப் பொம்பிளை இருக்கப்போற இடத்திலை வையுங்கோ. பக்கத்திலை ஸ்டோவ்னர் வரைக்கும் ஓடிப் போயிட்டு வாங்கோ. முழுசாக் கொண்டு வந்து தந்தா, என்ரை பிள்ளையை உங்கடை காரிலை ஏத்த நான் சம்மதம்."

"இவ்வளவுதானோ?"

"இவ்வளவுதான்."

எனக்குச் சிரிப்பு. நான் ஒரு நாளைக்கு ஆயிரம் சனத்தை ஏத்தி இறக்கிறன். ஒரு பூசணிக்காய் என்னை வெல்லுமோ?

போகேக்கை ஒரு குறையும் இல்லை. ஸ்டோவ்னர் சென்ரர் எண்ட கடைத்தொகுதியை நெருங்கேக்கை நாலைஞ்சு பொடியள் என்ரை காரைப் பாத்துக் கையைக் காட்டினாங்கள். ஐம்பத்தாறு வயசுக்காரனுக்கு அது காணாதோ? மிதிச்சன். நானூறு குதிரையும் ஒண்டாப் பாய்ஞ்சுது.

முன்னாலை சனம் றோட்டைக் கடக்கிற வெள்ளைக்கோட்டுக் கடவை. அதிலை பிள்ளை வண்டிலோடை ஒரு இளம் பெட்டை.

பிரேக்கை மிதிச்சன். கார் யோசிச்சுது. கடவுளே, அது யோசிச்சுது! பிறகு இடப்பக்கமா இழுத்துக்கொண்டு போய், அரைக் கடவையை விழுங்கி நிண்டுது. பெட்டை வண்டிலைப் பின்னுக்கு இழுத்திட்டாள். ஒரு முழம். அவ்வளவுதான் இடையிலை.

கார் நிண்டுது. பூசணிக்காய் நிக்கேல்லை. பின் சீற்றிலை இருந்து கிளம்பி, என்ரை காதை உரசிக்கொண்டு போய், முன் கண்ணாடியிலை அடிச்சு வெடிச்சுது. கண்ணாடி, வெள்ளைச் சீற், என்ரை சேட், மீசை எல்லாம் சிவப்பு.

பெட்டைக்கு என்னிலை கோபம் வரவேணும். ஆனா அவள் பயந்துபோய் ஓடிவந்து, காயமோ, அம்புலன்ஸுக்குப் போன் அடிக்கட்டோ எண்டு கேட்டாள். நான் கொல்லப் பாத்தவள் என்னைக் காப்பாத்த நிக்கிறாள்!

"ரத்தம் இல்லை. பூசணிக்காய்" எண்டு நோர்வேஜியனிலை சொன்னன்.

அவள் என்னை ஒரு பார்வை பாத்தாள். வண்டிலுக்குள்ளை பிள்ளை நித்திரை. நான் மன்னிப்புக் கேட்டன்.

அதோடை திருந்தியிருக்கவேண்டாமோ? இல்லையே! காரை ஸ்டோவ்னர் சென்ரர் பார்க்கிங்கிலை தள்ளிவிட்டிட்டு, முகத்தைக் கழுவி, புதுச் சேட் ஒண்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, தமிழ்க்கடையிலை அதே அளவிலை இன்னொரு பூசணிக்காய் வாங்கினன். இதைத்தான் சொல்ல எனக்கு இன்னும் கூடின வெக்கம்.

காரிலை ஏறப் போனன். பூசணிக்காயைப் பாத்தன். சீற்றைப் பாத்தன். திரும்பி பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தன்.

பஸ் ஓடினது என்னோடை வேலை செய்யிற றொபின். நான் பூசணிக்காயை யன்னல் கரைச் சீற்றிலை இருத்தி, பெல்ட்டை இழுத்துக் கொழுவி, இறுக்கமோ எண்டு ரெண்டு தரம் இழுத்துப் பாத்ததை அவன் கண்ணாடியிலை பாத்துக்கொண்டே வந்தவன். ஒண்டும் கேக்கேல்லை.

வீட்டை போய் மேசையிலை டொங் எண்டு வைச்சன்.

"முழுசு! இனி என்ன சொல்லுறியள் புஷ்பமலர் அம்மா?"

"கெட்டிக்காரன். கார் எங்கை?"

"மார்க்கஸ் பொலிஷ் பண்ணக் கொண்டு போயிட்டான்."

"சேட் புதுசாக் கிடக்கு?"

"கலியாண வீடெல்லே..."

புஷ்பம் பூசணிக்காயைத் திருப்பித் திருப்பிப் பாத்தா.

"நான் வெட்டின ஓட்டை எங்கை?"

"அது... காயம் ஆறுறமாதிரி தானா ஆறியிருக்கும்."

கிட்ட வந்து என்ரை காதுக்குப் பின்னாலை விரலாலை தடவி, அந்த விரலை எனக்கு முன்னாலை நீட்டினா. சிவப்பு.

"எவ்வளவு குங்குமம் போட்டனீர் புஷ்பம்?"

"அரைக் கிலோ."

"திருஷ்டிக்கு ஒரு சிட்டிகை காணுமே!"

"திருஷ்டிக்குக் காணும். உங்களுக்குக் காணாது."

நான் கதிரையிலை இருந்தன். கடவை, பிள்ளை வண்டில், அந்த ஒரு முழம், எல்லாத்தையும் சொன்னன். புஷ்பம் நெஞ்சிலை கை வைச்சுக்கொண்டு கேட்டா.

"இந்தப் பூசணிக்காய் எதிலை வந்தது?"

"பஸ்ஸிலை."

"ஏன் காரிலை ஏத்தேல்லை?"

ஒருமாதிரிச் சொன்னன்.

"உடைஞ்சிடுமெண்டு."

"கடையிலை காசுக்கு வாங்கின பூசணிக்காயை ஏத்தப் பயந்த காரிலையோ, நான் பெத்த பிள்ளையை ஏத்தப் பாத்தனீங்கள்?"

ஹோலிலை சாமிப்படத்துக்குப் பக்கத்திலை கேடயம் மினுங்கிக்கொண்டு நிண்டுது. எழும்பிப் போய் அதைச் சுவர்ப்பக்கமாத் திருப்பி வைச்சன். அழுகை வந்தது. அடுத்த நாள் காரை இழுவை வண்டியிலை மார்க்கஸின்ரை கராச்சுக்கு அனுப்பி, நம்பர் பிளேற் ரெண்டையும் கழட்டிக் கொண்டுபோய் வாகனப் பதிவுக் கந்தோரிலை குடுத்தன். பிரேக், பெல்ட், அனுமதி எல்லாம் சரிவருமட்டும் அது ஓடாது. துஷ்யாவிட்டையும் உண்மையைச் சொன்னன். பிள்ளை என்னைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு, "பரவாயில்லை அப்பா" எண்டாள். ரெண்டு அறை அறைஞ்சிருந்தாலும் தாங்கியிருப்பன்.

கலியாணத்தண்டு புஷ்பத்தின்ரை சின்னக் கரண்ட் கார் வாசலிலை நிண்டுது. ஸ்ரியரிங்கிலை பட்டுச்சீலையோடை புஷ்பம். பின்னாலை துஷ்யாவும் தோழிப்பிள்ளையும், ஆரத்தித் தட்டோடை என்ரை தங்கச்சியும். எல்லாருக்கும் பெல்ட். முன் சீற்றிலை பூசணிக்காய். அதுக்கும் பெல்ட்.

"நான் எங்கை இருக்கிறது?"

"இடமில்லையே" எண்டா புஷ்பம்.

"பூசணிக்காயை மடியிலை வைச்சிருக்கிறனே!"

"உங்களை நம்பி இன்னொரு பூசணிக்காய் தரமாட்டன். பத்து நிமிசத்திலை பஸ் வரும்."

பட்டு வேட்டி, சால்வை, நெத்தியிலை சந்தனம். பொம்பிளையின்ரை தகப்பன் நான் பஸ்ஸிலை ஏறினன். றொபின் என்னை மேலும் கீழும் பாத்தான். எனக்குப் பின்னாலையும் எட்டிப் பாத்தான்.

"இண்டைக்குப் பூசணிக்காய் வரேல்லையோ?"

"அது காரிலை போயிட்டுது" எண்டன்.