ஆடுகிற மட்டம்

ஆபீஸில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற சங்கரநயினார், ஆவணி பிறந்ததும் மாபெரும் முடிவு ஒன்றை எடுத்தார். பெண்டாட்டியை மறுபடியும் வீட்டில் இருக்க வைத்துவிடுவது.

முத்துமீனாள் ஒன்றும் ஓடிப்போய்விடவில்லை. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு, சமையல் முடிந்ததும் அடுத்த வீட்டு வடிவாம்பாளிடம் போய்விடுவாள். விளக்கேற்றத்தான் வருவாள். அங்கே அவர்கள் சிரிப்பது சுவர் தாண்டிக் கேட்கும். இந்தப் பக்கம் இவர் ஒரே பேப்பரை மூன்று தடவை படிப்பார். முப்பது வருஷம் உத்தரவு போட்ட வாய்க்கு, "இங்கன கொஞ்ச நேரம் இரேன்" என்று கேட்க மட்டும் வரவில்லை.

ஆகவே தச்சுவேலையில் இறங்கினார். மச்சுக்கும் சுவருக்கும் நடுவே தெரியும் இடுக்கை மறைக்க, அறையைச் சுற்றி மரச்சட்டம் அடிக்கப் போவதாக அறிவித்தார். ஒவ்வொன்றும் பத்தடிச் சட்டம். ஒரு முனையை இன்னொரு ஆள் பிடித்தே ஆக வேண்டும். திட்டத்தின் உயிரே அதில்தான் இருந்தது.

பழைய வீட்டில் எந்த மூலையும் நேராக இல்லை. மூலையின் சாய்வை அளந்து மரத்தில் குறிக்க, பேனாக்கத்தி போல மடங்குகிற மட்டம் வேண்டும். சேக் மைதீன் தன் இரும்புக் கடையில் ஆறு மட்டங்களை எடுத்துப் பரப்பினார். சங்கரநயினார் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்து, இறுக்கமானதையெல்லாம் ஒதுக்கினார்.

"அண்ணாச்சி, நீங்க தள்ளுததுதான் நல்ல சாமான். கையில இருக்கதுல திருகாணி நிக்காது. அளந்து மரத்துக்குக் கொண்டுபோறதுக்குள்ள வழுக்கிரும்."

"எவ்வளவு வழுக்கும்?"

"ஒருநாளும் மூலை சேராது."

"இதையே கட்டும்."

கடைக்காரர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

மட்டம் ஏமாற்றவில்லை. முதல் நாள் மூலையில் விரல் நுழைந்தது. மறுநாள் இரண்டு விரல். முத்துமீனாள் முக்காலியில் ஏறி மறுமுனையைப் பிடித்தாள். பிடித்த கை சும்மா இருந்தாலும் வாய் சும்மா இருக்குமா? மகளின் கடிதம், கோயில் கூட்டம், புளி கெட்டுப்போனது என்று எல்லாம் பேசினாள். ஒன்பது நாள். வீணான சட்டங்கள் அடுப்புக்குப் போயின. அவருக்கு இருபது வயது குறைந்தது.

பத்தாம் நாள் ஒரு கல்யாணத்துக்காகத் தென்காசி போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினார். அறையில் நாலு மூலையும் மயிரிழை இடைவெளி இல்லாமல் சேர்ந்திருந்தது. முத்துமீனாள் மரத்தூளைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். காலண்டர் தாளை மூலையில் வைத்து மடித்து, அதையே பாதியாக மடித்து, அந்தச் சாய்வில் சட்டத்தை அறுத்தாளாம். மறுமுனையைப் பிடித்தது வடிவாம்பாள்.

சங்கரநயினார் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நாளையிலிருந்து இவளை எதைச் சொல்லிக் கூப்பிடுவது?

"ஆடுத மட்டமாப் பார்த்து வாங்கியிருக்கீங்கன்னு எனக்கு மொத நாளே தெரியும்" என்றாள்.

"தெரிஞ்சுமா ஒம்பது நாள் பிடிச்சே?"

"பாவமா இருந்துச்சு."

இப்போதாவது கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தார். அவள் முந்திக்கொண்டாள்.

"நாளையிலருந்து வடிவு வீட்டு மச்சுக்கும் அடிச்சுக் குடுங்க. நான் வாக்குக் குடுத்துட்டேன்."

அவர் முகம் மலர்ந்தது. "அதுக்கென்ன. நீ ஒரு முனையைப் பிடி."

"நான் எதுக்கு? அவ வீட்டு அண்ணாச்சி பிடிப்பாவ. அவுகளும் உங்கள மாதிரித்தான், பேச ஆளில்லாம இருக்காவ. நாங்க ரெண்டு பேரும் இங்கன வந்து உக்காந்துக்கிடுதோம்."