கார் எண்ணெய் குடித்த பைக்

கடைக்காரர் முன்னால் வீம்புக்கு வாங்கிய எந்தச் சாமானும் உருப்பட்டதில்லை. சேலைக்கும் இது பொருந்தும், புளிக்கும் பொருந்தும். பைக்குக்கு ஊற்றுகிற எஞ்சின் ஆயிலுக்கு ரொம்பவே பொருந்தும்.

கல்யாணமாகி நான் ராஜபாளையம் வந்தபோது என் பைக்கும் கூடவே வந்தது. ஸ்கூட்டர் இல்லை, கியர் போட்டு ஓட்டுகிற பைக். சத்திரப்பட்டி பேண்டேஜ் கம்பெனி ஆபீசுக்கு அதில்தான் போய்வந்தேன். என் மாமியாருக்கு அது கண்ணில் விழுந்த தூசி. விற்றுவிட்டு ஸ்கூட்டர் வாங்கச் சொல்லி நச்சரித்துக்கொண்டே இருந்தார். (அதுதான் அடக்க ஒடுக்கமான வண்டியாம்.) பொறுக்க முடியாமல் ஒருநாள் நானே பந்தயம் கட்டினேன்.

"ஒரு தடவை பின்னால உக்காந்து பாருங்க அத்தை. உச்சிக்கு நடை சாத்துறதுக்குள்ள ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில்ல எறக்கிவிடுதேன். பொறவும் பிடிக்கலன்னா வித்துருவோம்."

"பேச்சு மாறக் கூடாதுட்டி," என்றார் அத்தை.

அப்போது கத்திரி வெயில். தார் ரோடே இளகிக் கிடந்த நேரம். பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றிவிடுகிற மாதிரி வண்டிக்குப் புது ஆயில் ஊற்ற நினைத்தேன். செல்போனில் விழுந்து விழுந்து படித்தேன். வெயில் ஊருக்குச் சூட்டில் நீர்த்துப்போகாத, கெட்டியான ஆயில் வேண்டும். டப்பாவில் '20W-50' என்கிற மாதிரி போட்டிருக்கும் எண்ணில் பின்பாதி பெரிதாக இருக்க வேண்டும். இதுவரைக்கும் என் அறிவில் குற்றமில்லை.

கடையில்தான் சனி பிடித்தது. கடைக்காரர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "வீட்டுக்காரர் வரலையாம்மா?" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. மேல்தட்டில் இருந்ததிலேயே பெரிய டப்பாவாகப் பார்த்துக் கை நீட்டினேன்.

"காருக்காம்மா?"

"ஆமா."

(எங்கள் வீட்டில் கார் கிடையாது. கார் நிறுத்த இடமும் கிடையாது.) காருக்கே ஆகும் என்றால் பைக்குக்கு அமிர்தம் அல்லவா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வீட்டு வாசலில் பழைய ஆயிலை வடித்து, நானே புதியதை ஊற்றினேன். என் வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "மெக்கானிக்கிட்ட விட்டுருக்கலாம்லா?" என்றார். நான் பார்த்த பார்வையில் உள்ளே போய்விட்டார்.

மறுநாள் பதினோரு மணிக்கு மேல்தான் அத்தை வேலையெல்லாம் முடித்து, பட்டுச்சேலையில் ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தார். ஊர் எல்லை தாண்டும் வரை வண்டி ராஜா மாதிரி போனது. பிறகு முறுக்கினேன். எஞ்சின் போட்ட சத்தத்தில் தென்னந்தோப்புக் காக்கையெல்லாம் பறந்தது. வண்டி மட்டும் அதே நடையில் போய்க்கொண்டிருந்தது. இன்னும் முறுக்கினால் இன்னும் சத்தம். வேகம் குறைந்ததே தவிரக் கூடவில்லை. கையை இளக்கிப் பிடித்தால் மட்டும் தூங்கி எழுந்த மாடு போல மெல்ல நகர்ந்தது.

பால் கேன் கட்டிய சைக்கிள்காரர் ஒருவர் எங்களைத் தாண்டிப் போய், திரும்பிப் பார்த்து, பாவம் என்று நினைத்தோ என்னவோ, தானும் வேகத்தைக் குறைத்துக்கொண்டார். எனக்கு அழுகை முட்டியது. வண்டி போச்சு, மானம் போச்சு.

இடது பக்கம் மலை முழுசாக எங்கள் கூடவே வந்துகொண்டிருந்தது. கானலில் அதன் அடிவாரம் கரைந்து, மலை தரையில் ஒட்டாமல் மிதந்தது. ஒரு மேகத்தின் நிழல் அதன் மேல் இறங்கி, ஒரு மடிப்புக்குள் போய், அடுத்த மடிப்பில் எழுந்தது. நிழலும் நாங்களும் ஒரே வேகம். மாந்தோப்பிலிருந்து பழவாசம் வந்தது, கொஞ்ச தூரம் கூடவே வந்து நின்றுவிட்டது. நாங்கள் போகிறோமா, ரோடுதான் எங்களுக்கு அடியில் போகிறதா என்றே எனக்குச் சந்தேகமாகிவிட்டது. அத்தையின் தலை மெதுவாக என் முதுகில் சாய்ந்தது.

கோபுரம் தெரிந்தது. நெடுநேரம் தெரிந்துகொண்டே இருந்தது. போய்ச் சேர்ந்தபோது நடை சாத்தியிருந்தார்கள்.

"தோத்துட்டேன் அத்தை," என்றேன். "வண்டிய வித்துருவோம்."

அத்தை கோபுர நிழலில் உட்கார்ந்து, கோயில் வாசலில் வாங்கிய பால்கோவாவைப் பிரித்து ஒரு விள்ளல் எனக்குக் கொடுத்தார்.

"எதுக்குட்டி விக்கணும்? சாயங்காலம் நடை தெறப்பாக, பாத்துட்டுப் போவோம். நான் வாக்கப்பட்டு வந்து எம்புட்டு வருசமாச்சு. பஸ்ல இந்த ரோட்டுல வாரப்பல்லாம் யாராச்சும் எம் மடியில பிள்ளையவோ பையவோ வச்சிருவாக. மலை இம்புட்டுப் பெருசுன்னு இன்னைக்குத்தான் தெரியும்."

மறுநாள் மெக்கானிக் அரைமணி நேரம் ஆராய்ந்துவிட்டு, "எண்ணெய் நல்ல எண்ணெய்தான்க்கா, காருக்கு," என்றார். பைக்கில் கிளட்ச் பிளேட்டும் அதே எண்ணெயில்தான் முங்கிக் கிடக்குமாம். கார் எண்ணெய் பட்டால் பிடிமானம் இல்லாமல் வழுக்குமாம். பைக்குக்கு உள்ளதை ஊற்றிக் கொடுத்தார். வண்டி பழையபடி பறந்தது. அடுத்த தடவை ஏறிய அத்தை பாதி வழியில் என் தோளைத் தட்டி, "இது என்னட்டி ஓட்டம்? அந்த எண்ணெய் எங்க?" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் மெத்தனமாக வேலை பார்த்தாலும், "கார் எண்ணெய் ஊத்திருக்காக" என்பதுதான் பேச்சு. மிச்ச டப்பா அத்தையின் பீரோவுக்கு மேலே, சாமி படங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. போன மாதம் புதுக் கார் வாங்கிய என் கொழுந்தன், சும்மா கிடக்கிறதே என்று அதைக் கேட்டான்.

"வைலே கீழ," என்றார் அத்தை. "எனக்கு மலை பாக்கணும்னு தோணுனா எம் மருமவ ஊத்துவா."