நான் போலி என்று அறிவித்த யானைக் காசு

சனிக்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். கண்டி வாவிக்கு மேல் தூறல். குடையை விரித்தால் நிற்கும், மடக்கினால் தொடங்கும். அந்த வகைத் தூறல்.

அன்றைய வேலை மிக எளியது. ஏலத்தில் ஒரு யானைக் காசு வாங்க வேண்டும்.

யானைக் காசு வெள்ளைக்காரர் காலத்து வெள்ளி நாணயம். ஒரு பக்கம் ராஜா, மறுபக்கம் யானை. என் கணவரிடம் ஒன்று உண்டு. மறுநாள் நாணயம் சேர்ப்போர் கண்காட்சியில் அதை வைக்கப் போகிறார். ஆனால் ராஜா தெரிந்தால் யானை தெரியாது. ஆகவே இன்னொன்று தேவை!

அவருக்கோ காய்ச்சல். போர்வைக்குள்ளிருந்து தன் காசை நீட்டினார்.

"இத பக்கத்துல வச்சுப் பாரு விமலா. இதே மாதிரி இருந்தா அசல். இல்லாட்டி தொடாத. ஊரெல்லாம் டூப்ளிகேட்டு."

நான் இரசாயனவியல் ஆசிரியை. எனக்குச் சொல்லவும் வேண்டுமா? நுண்தராசு, பூதக்கண்ணாடி, வெள்ளைக் கையுறை எல்லாம் பையில் ஏறின. சத்திரசிகிச்சைக்குப் போகும் வைத்தியர்கூட இவ்வளவு சுமக்க மாட்டார்.

ஏலம் நடத்தியவர் நிஸாம் நானா; ஊருக்கே நானா, அதாவது அண்ணன். திகனயில் பழம்பொருள் கடை வைத்திருக்கிறார்.

"வாங்க டீச்சர்! சேர் வரல்லியா?"

"காய்ச்சல், நானா."

"அப்ப நீங்க நல்லாப் பாருங்க."

நன்றாகவே பார்த்தேன். எங்கள் காசை நிறுத்தேன்; ஏலக் காசை நிறுத்தேன். ஒரு கிராமுக்கு மேல் வித்தியாசம்! எங்கள் யானை வழவழவென்று சாதுவாக நின்றது. இந்த யானைக்குத் தோலெல்லாம் சுருக்கம், நிறமும் கறுப்பு. மூன்று முறை நிறுத்தும் அதே முடிவுதான்.

பின்னால் நின்ற மீசைக்காரர் ஒருவர், "எப்படி டீச்சர்?" என்று மெல்லக் கேட்டார்.

நானும் மெல்லச் சொல்லியிருக்கலாம். நாற்பது பிள்ளைகளுக்குக் கேட்கப் பேசிப் பழகிய தொண்டை!

"இது போலி!"

மண்டபமே திரும்பியது. அந்தக் காசின் முறை வந்தபோது ஒரு கைகூட உயரவில்லை.

இடைவேளையில் நானா என்னிடம் வந்தார். கோபமில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"டீச்சர், எண்ட தொழிலை ஒரே சொல்லுல முடிச்சிட்டீங்களே!"

"நிறை பொருந்தவில்லையே, நானா."

"வார்த்துச் செஞ்ச போலிக் காசுண்டா விளிம்பச் சுத்தி ஒரு கோடு விழும். எண்ட காசுல கோடு ஈக்கா?"

பூதக்கண்ணாடியில் பார்த்தேன். இல்லை.

"இப்ப உங்கடத பாருங்க."

இருந்தது. சட்டைத் தையல்போல் நேராக, சுற்றிவர இருந்தது!

ஒப்பிடும் பொருளை முதலில் சரிபாருங்கள் என்று வருடந்தோறும் பிள்ளைகளுக்குச் சொல்கிறவள் நான்.

"சேர் இத எங்க எடுத்தார்?"

"கலகெதரயில... பஸ்ஸுக்கு நிற்கும்போது."

நானா கூரையைப் பார்த்தார்.

மனிதரின் நல்ல பெயரைக் கெடுத்தது நான். சரிசெய்ய வேண்டியதும் நானே. எழுந்து நின்றேன்.

"மன்னிக்க வேண்டும். அந்தக் காசு அசல். நான் கொண்டுவந்ததுதான் போலி."

சிரிப்பு அடங்கச் சற்று நேரம் பிடித்தது. நானா அதே காசை மறுபடி ஏலம் கூறினார். இப்போது எல்லோருடைய கையும் மேலே! டீச்சர் மூன்று முறை நிறுத்த காசல்லவா? மீசைக்காரர் விடவேயில்லை. கையிலிருந்த கடைசித் தாள்வரை போராடி வென்றேன்.

வீடு வரும்வரை ஒரு வாக்கியத்தை ஒத்திகை பார்த்தேன். "கேளுங்க, ஒங்க காசுல ஒரு சின்னப் பிரச்சினை." அதைத் தொடங்குமுன் அவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டார்.

"ஐயோ விமலா! ஒன்ன நல்லா ஏமாத்திட்டாங்களே!"

"இல்லங்க, நான் நிறுத்துத்தான்..."

"தராசு கெட்டுப் போயிருக்கும். இதப் பாரு, சொறி புடிச்ச யானை! நம்ம யானை எவ்வளவு லெச்சணம்! சரி விடு. படிச்சவங்களுக்கும் இப்படி நடக்குறதுதான்."

காய்ச்சல் பறந்துவிட்டது! எழுந்து எனக்குத் தேநீர்கூட ஊற்றித் தந்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் என்னை இவ்வளவு பெருந்தன்மையாக மன்னித்ததில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

அடுத்து அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. இரண்டு அட்டைகளை எடுத்தார். ஒன்றில் 'அசல்' என்றும் மற்றதில் 'போலி' என்றும் அழகாக எழுதினார்.

"ரெண்டயும் பக்கத்துல வைப்போம். பாக்குறவங்களுக்கு ஒரு பாடமா இருக்கும்!"

மறுநாள் காலை அவர் என்னையும் அழைத்துக்கொண்டு முதல் ஆளாகக் கண்காட்சிக்குப் போய், இடப்பக்கம் தன் காசை 'அசல்' ஆகவும் வலப்பக்கம் என் காசை 'போலி' ஆகவும் வைத்துவிட்டு, பிளேன்டீ குடிக்கப் போனார்.

மீசைக்காரர் வந்தார், அட்டைகளை வாசித்தார், வாயைத் திறந்தார், என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

நிஸாம் நானா வந்து, "யா அல்லாஹ்" என்று முணுமுணுத்து, இரண்டு காசுகளையும் இடம் மாற்றி வைத்துவிட்டுப் போனார்.

அவர் மாற்றி முடிக்கும்வரை நான் வாசலில் காவல் நின்றேன்.

என் கணவர் திரும்பிவந்து, மத்தியானம்வரை ஒவ்வொருவருக்கும் "இடப்பக்கம் இருக்குறது அசல்" என்று உற்சாகமாக, மிகச் சரியாக, விளக்கிக்கொண்டிருந்தார். அவருடைய வாசிப்புக் கண்ணாடி மட்டும் என் கைப்பைக்குள் இருந்தது.